பேண்டலின் ஊரில் மூன்றரை ஆண்டுகள்: ஆயத்த உலகம் ஒன்றில் ஆட்டம் நடத்திய அனுபவம்

கானாடுகாத்தானில் நண்பர் ஒருவரின் பூர்வீக வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்), மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், பிற்பகல் மூன்று மணி முதல் விளக்கு வைக்கும் நேரம் வரை ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பேசியும் பகடை உருட்டியும் கதை வளர்க்கும் ஆட்டத்தை நடத்தி வருகிறேன். 2021 ஆவணியில் தொடங்கியது. மூன்றரை ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆடுபவர்கள் ஐந்து பேர். எங்கள் கதை நடக்கும் உலகம் நான் படைத்தது அன்று. எட் கிரீன்வுட் உருவாக்கி, 1987இல் ஆட்டப் பெட்டியாக வெளிவந்து, அதன்பின் பலர் கை பட்டு வளர்ந்த ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்தான் அது. ஆயத்த உலகத்தை எடுத்துக்கொள்வதா, சொந்தமாக ஒன்றை உருவாக்குவதா என்று தயங்கும் டன்ஜியன் மாஸ்டர்களுக்காக, அதாவது ஆட்டத்தின் கதையை நடத்துபவர்களுக்காக, இதை எழுதுகிறேன்.

ஆட்ட விதிகளின் ஐந்தாம் பதிப்புக்கென 2014இல் வந்த தொடக்கப் பெட்டியைக் கொண்டே ஆரம்பித்தோம். கண்ட்ரன் ராக்சீக்கர் என்ற குள்ளர் இனத்தவர், நெவர்விண்டர் நகரிலிருந்து பேண்டலின் என்ற சிற்றூரின் கடை ஒன்றுக்கு ஒரு வண்டிச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறார். கூலி ஆளுக்குப் பத்துப் பொற்காசு. வழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன, புதருக்குள் காப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் பதுங்கியிருக்கின்றன. வேறு ஊரில் இந்தத் தொடக்கம் எப்படி எடுபடுமோ, செட்டிநாட்டில் இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. தம் ஐயா காலம் வரை பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் (வணிகம் செய்யப்) போன குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர், குதிரைகளைப் பார்ப்பதற்கு முன்பே, “சரக்கு வழியில் போய்விட்டால் நட்டம் யார் கணக்கில்?” என்று கேட்டார். கையிலிருந்த புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. பாதி நட்டம் கண்ட்ரனுடையது, பாதி உங்களுடையது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அந்த ஒரு கேள்விதான் பின்னாளில் எங்கள் கேம்பெயினை, அதாவது தொடர்கதையை, புதையல் வேட்டையிலிருந்து வணிகக் கதையாகத் திருப்பியது. அந்தக் கதையின் இலக்கான, தொலைந்துபோன வேவ் எக்கோ குகையின் சுரங்கம் மீண்டபோது, அதில் யாருக்கு எத்தனை பங்கு, நெவர்விண்டரில் யாரை மூன்றாண்டுத் தவணைக்கு முகவராக வைப்பது என்று ஒரு செஷன் (ஒரு நாள் அமர்வு) முழுவதும் பேசினார்கள். ஒரு பகடைகூட உருளாத அந்தப் பிற்பகலை நான் நடத்தியவற்றுள் சிறந்ததாகவே கருதுகிறேன்.

முதல் ஆறு மாதங்களில் நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். இந்த உலகத்துக்கு எழுதப்பட்ட வரலாறு மிக நீளமானது. பதிப்புக்குப் பதிப்பு காலமும் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1987 பெட்டியின் கதைக்காலம் அவ்வுலகக் கணக்கில் 1357ஆம் ஆண்டு. 2008இல் வந்த நான்காம் பதிப்பில் அது 1479க்குத் தாவியது. இடையில், 1385இல், ஸ்பெல்பிளேக் என்ற மந்திரப் பேரழிவு நிகழ்ந்தது. 1451இல் ஹோட்டனோ எரிமலை வெடித்து நெவர்விண்டர் நகரமே அழிந்தது. இவை அனைத்தையும் இரவு பகலாகப் படித்து, படித்ததையெல்லாம் பட்டாலையில் கொட்டினேன். ஆட்டக்காரர்கள் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பழைய பதிப்பில் ஊறிய ஒருவரோ, நான் சொல்லும் நெவர்விண்டர் தமக்குத் தெரிந்த நெவர்விண்டர் அன்று என்று வாதிட, ஒரு முறை முக்கால் மணி நேரம் அதிலேயே போயிற்று. அவர் சொன்னதும் தவறில்லை. நூறு ஆண்டுக்கு முந்தைய நகரத்தை அவர் மனத்தில் வைத்திருந்தார்.

அதற்கு நாங்கள் கண்ட தீர்வு, நீளவாக்கில் திறக்கும் ஒரு பழைய கணக்குப் பேரேடு. பட்டாலையில் வாய்விட்டுச் சொல்லப்பட்டு, எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தி மட்டும் அதில் ஏறும். ஏறியது எங்களுக்கு உண்மை. அச்சிட்ட புத்தகத்தில் வேறு விதமாக இருந்தாலும் பேரேடே செல்லும். புத்தகத்தைப் புரட்டும் உரிமை எனக்குண்டு, ஆனால் ஒரு செஷனுக்கு மூன்று புதிய பெயர்களுக்கு மேல் சொல்வதில்லை என்று எனக்கு நானே வரையறுத்துக்கொண்டேன். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் அந்த உலகம் எங்கள் கைக்கு அடங்கியது.

தமிழில் ஆடும்போது ஆங்கிலப் புத்தகம் சற்றும் உதவாத இடம் ஒன்று உண்டு. ஒரு பாத்திரம் வாயைத் திறந்தவுடனே அது எதிரில் இருப்பவரை நீ என்கிறதா, நீர் என்கிறதா, நீங்கள் என்கிறதா என்று முடிவு செய்தாக வேண்டும். பேண்டலினின் ஊர்த்தலைவர் ஹார்பின் வெஸ்டரை ஓர் இளைஞர் தம் பாத்திரத்தின் வாயால் ‘நீ’ என்று அழைத்துவிட, மேசையைச் சுற்றி அனைவரும் ஒரு கணம் நிமிர்ந்தார்கள். அடுத்த இரண்டு செஷன்களின் பகை அந்த ஓரெழுத்திலிருந்தே வளர்ந்தது. குவெலின் ஆல்டர்லீஃப் என்ற ஹாஃப்லிங் என்ற குட்டை உருவ இனத்துப் பண்ணைக்காரப் பெண்ணைப் பற்றிப் புத்தகம் சுருக்கமாகத்தான் சொல்கிறது. எங்களவர்கள் அவரை முதல் நாளே ‘ஆச்சி’ என்று விளித்தார்கள். அன்றிலிருந்து எந்தப் பயணத்துக்கும் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டதில்லை.

என்னை மிகவும் நெகிழவைத்தது நாள்காட்டி. ஹார்ப்டோஸ் நாள்காட்டியில் பன்னிரண்டு மாதங்கள், மாதத்துக்கு முப்பது நாள், பத்துப் பத்து நாளாக மூன்று பகுப்பு. இவற்றுக்கு வெளியே எந்த மாதத்திலும் சேராத ஐந்து திருநாள்கள். அவற்றுள் ஒன்று, குளிர்காலத்துக்கு முன் வரும் நிலாத் திருநாள், இறந்தோரையும் முன்னோரையும் நினைக்கும் நாள். புத்தகத்தில் அதற்கு அதிக இடமில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் வேவ் எக்கோ குகையில் எரியும் மண்டையோடு ஒன்று வீசிய தீப்பந்தில் எங்கள் குழுவின் குள்ளர் வீரர் இறந்திருந்தார். திருநாள் வருகிறது என்று நான் சொன்னதும், இறந்தவருக்கு என்ன படைப்பது என்று ஒருவர் கேட்டார். இங்கே முன்னோருக்குப் புதுத் துணி வைத்து, சமைத்ததைப் படைத்து, பங்காளிகள் கூடி உண்ணும் படைப்பை அறியாத வீடு குறைவு. அவருடைய சுத்தியலைக் கழுவித் துடைத்து நடுவில் வைப்பது, அவருக்குப் பிடித்த காளான் குழம்பைச் சமைப்பது, ஆளுக்கொரு பழைய சண்டையைச் சொல்வது என்று அவர்களே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். இறந்த பாத்திரத்தை ஆடிய நண்பர் கண் கலங்கினார். நான் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆயத்த உலகத்தின் பெரும் பயன் அது எழுதி நிரப்பிய பக்கங்களில் இல்லை, இப்படி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்ட இடங்களில் இருக்கிறது என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

விதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதகமான நிலையில் இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது, பாதகமான நிலையில் சிறியதை எடுப்பது என்ற ஐந்தாம் பதிப்பு வழக்கத்தைப் புதியவர்களும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். தாக்குதலில் ஒன்று விழுந்தால் அடி எப்போதும் தவறும். அருகில் அமர்ந்து பார்க்கும் வீட்டு அப்பத்தாவோ, பித்தளைத் தாயக்கட்டையில் வளர்ந்தவர்; ஒன்று விழும்போதெல்லாம் “தாயம்!” என்று மகிழ்ந்துவிடுவார். அவருக்காக, ஒன்று விழுந்து தவறியவருக்கு அடுத்த உருட்டில் சாதகம் என்று எங்கள் வீட்டு விதி ஒன்றைச் சேர்த்திருக்கிறோம்.

குறைகளும் உண்டு. தெய்வங்களின் எண்ணிக்கை மிக அதிகம். நான் ஆறு தெய்வங்களோடு நிறுத்திக்கொண்டேன். எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால், ஒவ்வொரு செஷனுக்கும் முன் இரண்டு மணி நேரமாவது தமிழ்ப்படுத்தும் வேலை இருக்கிறது. முதல் முறை நடத்துபவர் பெரிய உலக வரைபடத்தை மேசையில் விரிக்க வேண்டாம் என்றே சொல்வேன். பேண்டலினையும் அதிலிருந்து புறப்படும் ஒரே ஒரு சாலையையும் காட்டினால் முதல் ஓராண்டுக்குப் போதும். எங்கள் குழு இப்போதுதான் முதல் சரக்கு வண்டியோடு வாட்டர்டீப் நகர வாயிலை அடைந்திருக்கிறது. அந்த மாநகரைப் பற்றி என்னிடம் நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அவற்றிலிருந்து ஒரு தெரு, ஒரு கிடங்கு, கிடங்குக்காரர் ஒருவர் என்று மூன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.