ரெனசான்ஸ் ஃபேருக்கு டிரெஸ்: வாடகையா, சொந்தமா?

ரெனசான்ஸ் ஃபேர்ங்கறது ராஜா காலத்து இங்கிலாந்து ஊர் மாதிரி அமைச்சு நடத்தற திருவிழா. அங்க ஜீன்ஸ் டீஷர்ட்லயே போலாமான்னா தாராளமா போலாம், நெறைய பேர் அப்படித்தான் வர்றாங்க. ஆனா பெரியவங்களுக்கு அங்க கிடைக்கிற சந்தோஷமே வேஷம் கட்டினாத்தான் முழுசா கிடைக்கும்னு நான் நம்பறேன். டெக்சஸ்ல டல்லஸுக்குத் தெக்க வாக்ஸஹாச்சில நடக்கற ஸ்கார்பரோ ஃபேர்ல எட்டாம் ஹென்றி ராஜா வேஷம் போட்டவர் பரிவாரத்தோட வர்றப்ப, நீங்களும் அந்த ஊர் சனத்துல ஒரு ஆளா நின்னு "ஹஸ்ஸா"ன்னு (அந்தக் காலத்து ஜே கோஷம்) கத்தறது தனி சுகம்.

வாடகைக்கு எடுக்கறது ஈசி. பெரும்பாலும் கேட் பக்கமே கடை இருக்கும், டெபாசிட் கட்டி மாட்டிட்டுப் போயிரலாம், வீட்ல அலமாரி எடமும் மிச்சம். எப்பவாவது ஒரு தடவை போறவங்களுக்கு இதுவே போதும். கடை மூடறதுக்குள்ள திருப்பிக் குடுக்கணும்ங்கற நெனப்பு மட்டும் கடைசி ஜவுஸ்டிங் (குதிரைல வந்து ஈட்டியால மோதிக்கற விளையாட்டு) பாக்கறப்ப மனசுல ஓடிட்டே இருக்கும்.

நான் சொந்தமா வாங்கினதுக்குக் காரணம் வியர்வை. ஸ்கார்பரோ ஏப்ரல் ஆரம்பிச்சு மே கடைசி வரைக்கும் நடக்குது, டெக்சஸ் மே மாச வெயில்ல பாலியஸ்டர் வெல்வெட் போட்டா மத்தியானத்துக்குள்ள எங்கயாவது நிழல் தேடி உக்காந்துருவீங்க. வாடகைல நான் பாத்தது முக்காவாசி அந்தத் துணிதான், எல்லா ஊர்லயும் அப்படித்தானான்னு என்னால சொல்ல முடியாது. லினன்ல காத்து போகும், வியர்வைய உறிஞ்சும், சீக்கிரம் காயும். அந்தக் காலத்து ஆளுங்க செஞ்சதும் இதேதான், உடம்போட ஒட்டி லினன் சட்டை, அத அடிக்கடி தொவைப்பாங்க, மேல போடற கம்பளி உடுப்ப தொவைக்கறதே அபூர்வம். நானும் அதேதான் பண்றேன், ஷெமீஸும் (உள்ள போடற லினன் சட்டை) பாவாடையும் மெஷின்ல போட்டுருவேன், தொவைக்கத் தொவைக்க துணி இன்னும் மெத்துன்னு ஆகுது. பாடிஸ, அதாவது சட்டைக்கு மேல இறுக்கிக் கட்டற கையில்லாத ரவிக்கைய, தண்ணில நனைக்கவே கூடாது, உள்ள குச்சி வச்சுத் தச்சிருப்பாங்க, அதனால உள்பக்கம் மலிவு வோட்காவ லேசா ஸ்ப்ரே பண்ணி நிழல்ல காத்தாட தொங்கவிட்டா வாடை போயிரும், நாடகக்காரங்க பண்ற வேலை இது. தச்சு வாங்கறவங்க லினன வெட்டறதுக்கு முன்னாடியே தொவைச்சுரணும், சுருங்கும். பாவாடை கணுக்காலுக்கு மேலயே நிக்கட்டும், தரைய தொட்டா புழுதியும் சேறும் அள்ளிட்டு வரும்.

செலவுன்னு பாத்தா மொத்தமா வாங்கறப்ப கண்டிப்பா வாடகையவிட பல மடங்கு ஆகும். ஆனா ஒரே நாள்ல எல்லாம் வாங்கணும்னு இல்லயே, இந்த வருஷம் சட்டையும் பாவாடையும், அடுத்த வருஷம் பாடிஸ்னு சேத்துக்கலாம். பாடிஸ் கயிறு கட்டி இறுக்கறது, கொஞ்சம் எடை ஏறினாலும் இறங்கினாலும் பொருந்தும், விக்கணும்னாலும் வாங்கறவங்களுக்கு சைஸ் பிரச்சினை கம்மி. நிறம் மங்கலான பச்சை, பழுப்பு, துரு சிவப்புன்னு எடுத்தா அழுக்கும் தெரியாது.

கையால செய்யற லெதர் பூட்ஸ் பத்தி பெருசா சொல்ல வரல, அதோட விலை பல நூறு டாலர் வரும், நான் பழைய பழுப்பு ஷூவோடதான் போறேன். டாட் மிஷன்ங்கற ஊர்ல நடக்கற டெக்சஸ் ரெனசான்ஸ் ஃபெஸ்டிவல் அக்டோபர், நவம்பர்ல, அங்க நவம்பர் கடைசில போறவங்க ஒரு கம்பளி போர்வை அங்கி மட்டும் சேத்துக்கங்க, சாயங்காலம் குளிரும். பாடிஸ மட்டும் ஆன்லைன்ல வாங்காதீங்க, ஃபேர் கடைலயே போட்டு, உக்காந்து, நல்லா மூச்சு இழுத்துப் பாத்துட்டு வாங்குங்க.