ஆய்வேட்டுக்குப் படம்: எந்தத் தளம் கைகொடுக்கும், எது காலை வாரும்

டெல்லியில் கலை வரலாறும் தொல்லியலும் தமிழியலும் ஆய்வு செய்யும் நம்மவர்களின் ஆய்வேடுகளில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. எழுத்தில் அத்தனை உழைப்பு இருக்கும். படப் பகுதிக்கு வந்தால் மங்கிப்போன ஒரு நடராஜர், அதன் அடியில் ‘நன்றி: கூகுள்’. கூகுள் தேடிக் காட்டுகிற கருவி. படம் எடுத்தவரும் அதுவல்ல, உரிமையாளரும் அதுவல்ல. புறத்தேர்வாளர் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டால் மற்ற அடிக்குறிப்புகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

எந்தத் தளமானாலும் நாங்கள் பார்ப்பது மூன்று: எத்தனை பிக்சல் கிடைக்கிறது, உரிமம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா, படத்தோடு பொருளின் வரலாறும் பதிவு எண்ணும் வருகின்றனவா. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆய்வுக்கு அதுதான் உயிர்.

பிக்சல் கணக்கு எளிது. அச்சில் 15 செ.மீ. அகலம் வேண்டுமென்றால் அது 5.9 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் ஏறத்தாழ 1,770 பிக்சல் அகலம் தேவை. ஏ4 தாள் முழுவதையும் நிரப்ப 2,480-க்கு 3,508. கல்வெட்டு மைப்படி, கோட்டோவியம் போன்றவற்றுக்கு 600 புள்ளியாவது வேண்டும். இல்லையென்றால் எழுத்தின் விளிம்பு படிக்கட்டு போல உடையும். ஃபோட்டோஷாப்பில் 72 என்ற எண்ணை 300 என்று மாற்றிவிட்டால் படம் தெளிவாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிக்சல் கூடாமல் எண் மட்டும் மாறினால் அச்சில் படம் சின்னதாகும், அவ்வளவுதான்.

சோழர் செப்புத்திருமேனி தேடுகிறீர்களா? எங்கள் முதல் தேர்வு அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம். 2019 ஜனவரியில், பதிப்புரிமைக் காலம் முடிந்த சுமார் 30,000 படைப்புகளின் படங்களை சிசி ஜீரோ உரிமத்தில் திறந்துவிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், நூலில் அச்சிட்டு விற்கவும் தடையில்லை. ஜேபெக் மட்டுமல்லாமல், சுருக்கத்தால் தரம் குறையாத டிஃப் கோப்பும் இலவசமாகக் கிடைப்பது பெரிய வசதி. அங்குள்ள நடராஜரின் (பதிவு எண் 1930.331) டிஃப் கோப்பை இறக்கித் திருவாசியின் சுடர்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், வித்தியாசம் புரியும். டிஃப் கோப்பு கனமானது. விடுதி வைஃபையில் பாதியில் நின்றுவிட்டால் கோப்பு திறக்காது. கல்லூரி நூலகத்தில் இறக்குவது நல்லது.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் இதே வழிக்கு வந்தது. தேடலில் ‘ஓப்பன் ஆக்சஸ்’ வடிகட்டியைத் தேர்ந்துகொண்டால் பயன்படுத்தக்கூடியவை மட்டும் வரும். 10-ஆம் நூற்றாண்டுப் பார்வதி (57.51.3) உட்பட நல்ல தொகுப்பு. கோப்பு ஜேபெக் மட்டும்தான், ஆனால் அரைப்பக்கப் படத்துக்குத் தாராளமாகப் போதும். பொருளை எங்கே, யாரிடமிருந்து, எப்போது வாங்கினார்கள் என்ற பகுதியையும் படித்துக் குறிப்பெடுங்கள். தமிழ்நாட்டுத் திருமேனிகள் எப்படிக் கடல் கடந்தன என்ற கேள்வியை இன்றைய ஆய்வு ஒதுக்கிவிட முடியாது.

பழைய புகைப்படங்களுக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகம். மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையில் எடுத்த படங்கள் அங்கே உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தின் தொகுப்பு மிகப் பெரியது. தஞ்சாவூர்ச் சாதி, தொழில் ஓவிய ஆல்பங்களுக்கு அங்கே போயே ஆக வேண்டும். ஆனால் உரிமத்தில் ‘என்சி’ என்ற இரண்டெழுத்து இருக்கிறது, அதாவது வணிகப் பயன்பாடு கூடாது. ஆய்வேட்டுக்குப் பிரச்சினை இல்லை. அதே ஆய்வேடு நாளை விலைபோட்ட நூலாக வரும்போது பதிப்பகம் புதிதாக அனுமதி கேட்கச் சொல்லும். நூலாக்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளிலேயே என்சி படங்களைத் தனி அடைவில் வையுங்கள்.

தாவரவியல், சித்த மருத்துவம் சார்ந்த ஆய்வென்றால், பழைய நூல்களை ஸ்கேன் செய்து தரும் இணைய நூலகமான பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியை விட்டு வேறெங்கும் முதலில் போக வேண்டாம். ராபர்ட் வைட் 1840 முதல் 1853 வரை மதராஸிலிருந்து வெளியிட்ட தாவரப் படத் தொகுதிகள் முழுமையாக அங்கே கிடைக்கின்றன. அவற்றுக்கு வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்கள். படக்குறிப்பில் வைட் பெயரோடு நிறுத்தாமல் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். ஸ்கேன் செய்து தந்த நூலகத்தைப் பொறுத்து உரிமம் மாறும், ஆகவே ஒவ்வொரு நூலின் உரிமைக் குறிப்பையும் பார்க்க வேண்டும்.

யார் வேண்டுமானாலும் படம் ஏற்றக்கூடிய விக்கிமீடியா காமன்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கோயிலில் இருக்கிற நிலையிலேயே எடுத்த படங்களுக்கு இதற்கு இணை இல்லை. தாராசுரத்தின் ஒரு தூணுக்கே பல கோணங்களில் படம் கிடைக்கும். சிக்கல்களும் இங்கேதான் அதிகம். பக்கத்தில் தெரியும் படத்தை வலது சொடுக்கிச் சேமித்தால் முன்னோட்ட அளவுதான் கைக்கு வரும்; படத்துக்குக் கீழே உள்ள ‘ஒரிஜினல் ஃபைல்’ இணைப்பைத் திறந்துதான் இறக்க வேண்டும். அடுத்து, பழைய நூலிலிருந்து ஸ்கேன் செய்ததை ‘என் சொந்தப் படைப்பு’ என்று ஏற்றியிருப்பார்கள். பக்கத்தின் அடியில் கேமரா விவரம் இருக்கிறதா பாருங்கள், பிறகு டின்ஐ அல்லது கூகுள் லென்ஸில் அந்தப் படத்தையே கொடுத்துத் தேடுங்கள். அதற்கு முந்தைய தேதியில் வேறு இடத்தில் தென்பட்டால் தொடாதீர்கள். மூன்றாவது, தலைப்பில் உள்ள கோயில் பெயர் தவறாக இருக்கலாம். ஏற்றியவர் பயணியாக இருப்பார், ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. சிற்பத்தின் இடத்தை அச்சிட்ட ஆய்வு நூலோடு ஒப்பிட்டு உறுதி செய்வது உங்கள் வேலை.

காமன்ஸில் பெரும்பாலான படங்கள் ‘சிசி பை எஸ்ஏ’ உரிமத்தில் இருக்கும், அதாவது எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், திருத்தினால் அதே உரிமத்தில் பகிர வேண்டும். எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயரும் பதிப்பும், இணைப்பு மூன்றையும் தர வேண்டும். ஓரத்தை வெட்டினாலும் வண்ணத்தைத் திருத்தினாலும் அதைச் சொல்ல வேண்டும். ஆய்வேடு முழுவதும் அந்த உரிமத்துக்குள் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம், திருத்திய படத்துக்குத்தான் அந்த நிபந்தனை. வேறு தளங்களில் உரிமத்தில் ‘என்டி’ என்று இருந்தால் திருத்திய படத்தை வெளியிடவே கூடாது.

இந்தியத் தளங்களின் நிலை வேறு: பதிவு நன்றாக இருக்கும், படம் போதாது. புனே சி-டாக் உருவாக்கிய ஜதன் மென்பொருளில் இயங்கும் ‘மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா’ தளத்தில் ஜன்பத் தேசிய அருங்காட்சியகப் பொருள்களின் பதிவு எண், காலம், அளவு எல்லாம் கிடைக்கின்றன. படமோ அச்சுக்குத் தாங்காது. அங்கே பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை வைத்து அருங்காட்சியகத்துக்கே எழுத்து மூலம் விண்ணப்பிப்பதுதான் வழி. துறைத் தலைவரின் கடிதத்தையும் இணையுங்கள். ஒப்படைக்க இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்குகிற வேலை அல்ல இது.

கோயில் கட்டடக்கலைக்கு குருகிராம் 32-ஆம் செக்டாரில் உள்ள அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் புகைப்பட ஆவணம் பொக்கிஷம். ஊர், அரச மரபு என்று வகைவாரியாக இணையத்தில் தேடலாம். தேவையான படத்தின் எண்ணைக் குறித்து நேரில் கேட்டுப் பெறலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் தமிழகக் கோயில்களின் படங்கள் 1 லட்சத்துக்கும் மேல். ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடுபோய் ஆஸ்திரேலியாவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த நடராஜர் நம்முடையதுதான் என்று நிறுவ உதவியது அந்தத் தொகுப்பின் படம். 2014 செப்டம்பரில் டெல்லியில் வைத்துத்தான் சிலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊர்ப் பெயரோடு முறையாகப் பதிந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சட்டத்தில் பலர் இடறுகிற இடம் ஒன்று. மொகஞ்சதாரோ நடன மங்கை சிலைக்கு நாலாயிரம் ஆண்டுக்கு மேல் வயது, அதனால் அதன் படமும் பொதுச்சொத்து என்று நினைக்கிறார்கள். சிலைக்கு உரிமை இல்லை. அதைப் படம் எடுத்தவருக்கு உண்டு. ஒளியும் கோணமும் அவர் தேர்ந்தவை. 2012 திருத்தத்துக்குப் பின் இந்தியாவில் புகைப்படத்துக்கான உரிமை, எடுத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்த ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் இடம் தருகிறது. ஆனால் முனைவர் ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறியதும் உலகமே படிக்கும் ஆவணமாகிவிடுகிறது. சொந்த ஆய்வு என்ற வாதம் அங்கே வலுவிழக்கும். உரிமம் தெளிவான படம் கிடைக்கிறபோது அந்த வாதத்தை நம்பி இறங்க வேண்டியதில்லை.

தவிர்க்க வேண்டியவை: பின்ட்ரஸ்ட், அங்கே மூலம் தொலைந்துபோயிருக்கும். அன்ஸ்பிளாஷ் படங்கள் அழகானவை, ஆனால் என்ன, எங்கே, எப்போது என்ற தகவலுக்கு உத்தரவாதம் இல்லை. கூகுள் ஆர்ட்ஸ் அண்டு கல்ச்சர் உற்றுப் பார்க்க அருமையான இடம். அங்கிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பது வீண், திரையின் அளவுக்கு மேல் பிக்சல் வராது. தேடல் முடிவுகளில் இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்த ‘சோழர் சிலைகள்’ கலந்துவிட்டன. கை எண்ணிக்கையும் முத்திரையும் பிசகியிருக்கும். பதிவு எண் இல்லாத, இருக்குமிடம் சொல்லாத படத்தை ஆய்வேட்டில் சேர்க்கவே கூடாது.

இத்தனை பாடுபட்டு எடுத்த படம் கடைசிக் கட்டத்தில் கெடுகிறது. வேர்டு தன் இயல்பிலேயே படத்தைச் சுருக்கும். ஆப்ஷன்ஸில் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குப் போய், படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற கட்டத்தை டிக் செய்த பிறகே படங்களைச் செருகுங்கள். முன்பே செருகியவை சுருங்கியிருந்தால் மீளாது. கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் ‘டாக்குமென்ட்’ ஆகவே அனுப்புங்கள். படேல் செஸ்ட், பேர் சராய் பக்கத்து அச்சுக் கடைகளுக்கு வேர்டு கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் கணினியில் தமிழ் எழுத்துருவும் உடையும், படமும் பக்கம் தாவும். எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் கொடுங்கள். படப் பக்கங்களை மட்டும் 100 ஜிஎஸ்எம் தாளில் கேளுங்கள். 75 ஜிஎஸ்எம் தாளில் செப்புத்திருமேனியின் கருமை பின்பக்கம் தெரியும். முழுப் பிரதிக்கும் பணம் கட்டும் முன் ஒரே ஒரு படப் பக்கத்தை அடித்து, வெயில் வெளிச்சத்தில் பாருங்கள்.