ஒரே கிளஸ்டர், மூன்று வேலை: நிலையான ஒதுக்கீடா, டைனமிக் ஒதுக்கீடா?

கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரி லேப் என்று வைத்துக்கொள்வோம். கிளஸ்டரின் வளத்தைப் பங்கிட்டுத் தரும் யார்ன் (YARN) ஓடும் 4 நோடு (கணினி), ஒவ்வொன்றிலும் 56 ஜிபி மெமரி. பெங்களூரா மாம்பழத்தின் மண்டி விலையை அலசும் ஸ்பார்க் (பெரிய தரவைப் பல கணினிகளில் பிரித்து அலசும் மென்பொருள்) ஜாப், மாணவர்கள் கோடு எழுதி ஓட்டும் நோட்புக், நாள் முழுக்க ஓடும் சென்சார் ஸ்ட்ரீமிங் ஆகிய மூன்றும் இதையே பங்கு போட வேண்டும்.

முதலில் அளவு. ஸ்பார்க் வேலையைச் செய்யும் ப்ராசஸான எக்ஸிகியூட்டரின் ஹீப் (ஜாவா மெமரி) 16 ஜிபி என்றால், ஓவர்ஹெட் (ஹீப்புக்கு வெளியே வேண்டிய மெமரி) 10% சேர்ந்து 17.6; யார்ன் அதற்கு ஒதுக்கும் கன்டெய்னர் முழு ஜிபிக்கு ஏறி 18 ஜிபி. நோடுக்கு 3, மொத்தம் 12. நோடில் மிஞ்சும் 2 ஜிபி, ஜாப்புக்காக யார்னிடம் வளம் கேட்கும் அப்ளிகேஷன் மாஸ்டருக்கு. ஹீப்பை 18 ஆக்கினால் கன்டெய்னர் 20 ஆகிவிடும். நோடுக்கு இரண்டுதான் நிற்கும், 16 ஜிபி வீண்.

நிலையான ஒதுக்கீட்டில் நோட்புக்குக்கு 6 எக்ஸிகியூட்டர் கொடுத்தால், மாணவர் சாப்பிடப் போனாலும் அந்த 6 திரும்பாது. பாதி கிளஸ்டர் முடக்கம். ஆனால் ஸ்ட்ரீமிங்குக்கு இதுவே சரி: 2 எக்ஸிகியூட்டரை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் டைனமிக்கில் விட்டால் சில நொடிக்கொரு பேட்ச் (தரவுத் தொகுதி) வருவதால், ஏறிய எக்ஸிகியூட்டர் பெரும்பாலும் இறங்காது.

மற்ற இரண்டுக்கும் டைனமிக்தான். டாஸ்க் (ஜாப்பின் சிறு துண்டு) 1 நொடி காத்திருந்தால் 1, 2, 4, 8 எனக் கேட்டு வாங்கும். 60 நொடி சும்மா இருந்தால் விட்டுவிடும். கே.ஆர்.பி. அணைத் தண்ணீரை முறை வைத்து விடுவது போலத்தான். ஆனால் மடைக்கு அளவு வைக்க வேண்டும். உச்சவரம்பு இயல்பாகவே எல்லையற்றது என்பதால், முந்திக்கொண்ட ஜாப் மீதி 10-ஐயும் அள்ளிக்கொள்ளும். விலை ஜாப்புக்கு 7, நோட்புக்குக்கு 6 என வரம்பு போட்டால், யார் முந்தினாலும் மற்றவருக்கு குறைந்தது 3 மிஞ்சும்.

அடுத்தது ஷஃபிள் கோப்புகள்: ஜாப்பின் ஒரு ஸ்டேஜ் (கட்டம்) அடுத்த ஸ்டேஜுக்காக எழுதி வைக்கும் இடைத் தரவு. எக்ஸிகியூட்டர் போனாலும் அவை நோடில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முடிந்த ஸ்டேஜை மறுபடி ஓட்ட நேரும். ஸ்பார்க்கின் யார்ன் ஷஃபிள் ஜார் (JAR) கோப்பை, ஒவ்வொரு நோடிலும் ஓடும் யார்னின் நோடு மேனேஜரில் சேர்த்து, துணைச் சேவையாகப் பதிந்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். போர்ட் 7337 திறந்திருக்கட்டும். யார்னுக்குப் பதில் கிளஸ்டரை நடத்தும் குபர்நெட்டிஸில் இந்தச் சேவை இல்லை, ஷஃபிள் டிராக்கிங்தான். ஷஃபிள் தரவு தேவைப்படும்வரை எக்ஸிகியூட்டரைப் பிடித்து வைப்பதால், இடம் மெதுவாகவே காலியாகும். அதே வகையான மீசோஸ் இனி வேண்டாம், ஸ்பார்க் 4.0 அதை நீக்கிவிட்டது.

அமைத்தபின் யார்னின் 8088 போர்ட் வலைப்பக்கத்தைத் திறந்து, நோட்புக்கை இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். கன்டெய்னர் எண்ணிக்கை குறையவில்லையா? பெரும்பாலும் யாரோ டேட்டாஃபிரேமை (அட்டவணைத் தரவை) கேஷ் செய்து, எக்ஸிகியூட்டரிலேயே வைத்திருப்பார்கள். கேஷ் உள்ள எக்ஸிகியூட்டருக்குக் காலாவதி இயல்பாக இல்லை. 30 நிமிடம் என்று நீங்களே போடுங்கள்.