ஜோக்ஜாவில் நான்கு வருடம், இரண்டு மொழிகளோடு

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உள்ள யோக்யகர்த்தாவில் (பேச்சில் ஜோக்ஜா) குடியிருந்து நான்கு வருடம் ஆகிறது. வேலையிடத்தில் இந்தோனேசிய மொழி, தெருவில் ஜாவானிய மொழி.

இந்தோனேசியன் ஆறு மாதத்தில் பிடிபட்டது. காலத்துக்கோ ஆளுக்கோ வினைச்சொல் மாறாது. 'மாக்கான்' என்றால் சாப்பிடுகிறேன், சாப்பிட்டான், சாப்பிடுவார்கள் எல்லாமே. முன்னால் 'சுடா' போட்டால் சாப்பிட்டாச்சு. நம் நாம், நாங்கள் போல 'கித்தா', 'காமி' உண்டு. பேச்சில் பலர் இரண்டுக்கும் கித்தாவே சொல்கிறார்கள். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டால் மட்டும் 'தீடா' (இல்லை) என்று சொல்லிவிடாதீர்கள். 'பெலும்', அதாவது 'இன்னும் இல்லை' என்பதுதான் பதில்.

ஜாவானியம் அப்படி வசப்படவில்லை. தமிழில் வந்தான், வந்தார் என்று விகுதியில் மரியாதை தெரியும். இங்கே சொல்லே மாறிவிடும். தூங்குவது நண்பனுக்கு 'துரு', மரியாதையான பேச்சில் என்னைப் பற்றிச் சொல்ல 'திலெம்', பெரியவர் தூங்கினால் 'சாரே'. இந்த மரியாதை நிலைகளில் முதலாவதன் பெயர் ஙொகோ, அடுத்தது க்ரொமோ, கடைசி க்ரொமோ இங்கில்.

முதல் வருடம் வீட்டுக்கார அம்மா "சம்புன் டஹார்?" என்றார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நானும் "சம்புன் டஹார்" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, மெதுவாக "நெடோ" என்று திருத்தினார். இரண்டுக்கும் சாப்பிடுவது என்றுதான் அர்த்தம், ஆனால் டஹார் எதிரில் இருப்பவரை உயர்த்தும் சொல். அதைத் தனக்கே போட்டுக்கொள்ளக் கூடாது. 'நான் எழுந்தருளினேன்' என்று ஒருவர் தன்னைப் பற்றியே சொன்னால் நம் காதுக்கு எப்படி இருக்கும்! கேள்வியில் வந்த சொல்லையே பதிலில் திருப்பிச் சொல்லும் பழக்கம் எனக்கு அன்றோடு விட்டது. எந்தப் பாடப்புத்தகமும் இதை எனக்கு இவ்வளவு அழுத்தமாகச் சொன்னதில்லை.

கற்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: ஙொகோவை நண்பர்களிடம் கற்கலாம், க்ரொமோவுக்கு ஒரு பெரியவரின் திண்ணைதான் வேண்டும்.

அந்த அம்மாவின் பேரன் அவரிடம் இந்தோனேசியனில்தான் பேசுகிறான். ஙொகோ பேசினால் மரியாதைக் குறைவு, க்ரொமோ தப்பினால் வெட்கம் என்று அவனே சொன்னான். அதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போதெல்லாம் காலையில் அவர் கேட்டதும், பேரன் காதிலும் விழட்டும் என்று சற்றுச் சத்தமாகவே சொல்கிறேன்: "குலொ (நான்) சம்புன் நெடோ."