டியூப்லெஸ் ரிம்மில் டியூப் டயர்: ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

என் பைக்கின் பின்சக்கரத்தில் டியூப்லெஸ் அலாய் ரிம். அதில் டியூப் வகை டயர்தான் நெடுநாளாக ஓடுகிறது. மண் பாதைக்கு ஏற்ற பட்டன் டயர் அந்த அளவில் டியூப் வகையாக மட்டுமே கிடைத்தது, அதனால் இந்த ஏற்பாடு. முன்சக்கரம் டியூப்லெஸாகவே இருப்பதால் ஒரே வண்டியில் இரண்டையும் ஒப்பிட முடிகிறது.

சாதாரண ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிடிப்பு, வளைவு எல்லாம் டயரைப் பொறுத்தது. உள்ளே டியூப் இருப்பது தெரிவதே இல்லை. நெடுந்தூரம் வேகமாகப் போனால் டயரும் டியூப்பும் உரசிச் சூடு கூடும், அவ்வளவுதான். ஒரு விஷயம், டியூப் வகை டயரை டியூப் இல்லாமல் போட்டுப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்றை அடைத்து வைக்கும் உள்பூச்சு அதில் கிடையாது.

தொல்லை வால்வில் ஆரம்பிக்கிறது. டியூப்லெஸ் ரிம்மின் ஓட்டை சுமார் 11 மி.மீ., ரப்பர் வால்வுக்காகப் போட்டது. டியூப்பின் உலோக வால்வோ சுமார் 8 மி.மீ.தான். இடைவெளியை நிரப்ப வாஷரோ புஷ்ஷோ போடாவிட்டால் வால்வு ஆடிக்கொண்டே இருக்கும். அப்புறம் டியூப் வால்வின் மேல் வரும் நட். பலர் அதை ரிம்மோடு சேர்த்து இறுக்கிவிடுகிறார்கள். காற்று குறைந்திருக்கும்போது வேகமெடுத்தால் டயர் ரிம்மில் கொஞ்சம் நழுவும், டியூப்பையும் இழுத்துக்கொண்டு போகும். நட் தளர்வாக இருந்தால் வால்வு சாய்ந்து நிற்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இறுக்கியிருந்தால் சாய்வது தெரியாது, வால்வின் அடி கிழியும்போதுதான் தெரியும். என் வால்வு ஒருமுறை லேசாகச் சாய்ந்திருந்தது. காற்றை இறக்கி, டயரை நேராக்கி, மறுபடி நிரப்பினேன். அதிலிருந்து நட்டை வால்வு மூடியை ஒட்டியே வைக்கிறேன், காற்றையும் அடிக்கடி பார்க்கிறேன்.

புதிதாக மாட்டிய சில நாளில் அழுத்தம் கொஞ்சம் இறங்கினால் பயப்பட வேண்டாம். டயருக்கும் டியூப்புக்கும் நடுவே சிக்கிய காற்று வால்வு ஓட்டை வழியாக மெல்ல வெளியேறுவதால் அப்படி ஆவதுண்டு. ஒருமுறை சரிசெய்த பிறகும் இறங்கினால்தான் பஞ்சரைத் தேட வேண்டும்.

பஞ்சர் ஆகும் நாளில்தான் இந்த ஏற்பாட்டின் உண்மைக் குணம் வெளிவரும். முன்டயரில் ஆணி ஏறினால் அது குத்தியபடியே நிற்கும், காற்று மெதுவாக இறங்கும், சக்கரத்தைக் கழற்றாமலே ஓட்டையில் ரப்பர் பிளக் போடலாம். பின்டயரில் டியூப் கிழிந்தால் காற்று சட்டென்று போய்விடும், வண்டியின் பின்பக்கம் பாம்பு போல நெளியும். அதைவிடக் கொடுமை டயரைக் கழற்றுவது. ரிம்மில் எம்டி (MT) என்று பொறித்திருந்தால் டயர் விளிம்பு நழுவாமல் பிடிக்க உள்ளே ஒரு மேடு இருக்கும். ஓடும்போது அது நல்ல பாதுகாப்பு. சாலையோரத்தில் கை லீவரோடு உட்கார்ந்தால் அதுவே எதிரி. விளிம்பை விடுவிக்கவே மூச்சு வாங்கும், அவசரப்பட்டால் லீவர் புது டியூப்பையும் கடித்துவிடும்.

ஆக, டியூப்பின் தொல்லையும் டியூப்லெஸ் ரிம்மின் பிடிவாதமும் சேர்ந்தே வருகின்றன. வேறு வழியே இல்லையென்றால் போடுங்கள், அதே அளவு டியூப்பாகப் பார்த்து, உள்ளே பவுடர் தூவி. நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு இது தேவையே இல்லை.

இந்த டயர் தேய்ந்ததும் டியூப்லெஸுக்கே திரும்பப் போகிறேன். அப்போது புது ரப்பர் வால்வு வேண்டும், டயர் உட்காரும் இடத்தில் லீவர் போட்ட கீறல்களையும் நைஸாகத் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்று அங்கேதான் கசியும்.