பத்து நாள் என்று சொல்லி ஐந்து வாரம்: மதுரையில் ஒரு டேப் ரிப்பேர் கடை

மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஆறடி அகலத்தில் இருக்கிறது கடை. பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்து வெறும் தகரமாகத் தொங்குகிறது. "டேப்காரர் கடை" என்று கேட்டால் காட்டுவார்கள். எங்கள் வீட்டு டூ இன் ஒன்னைச் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு அங்கே கொடுத்தேன். பத்து நாள் என்றார், ஐந்து வாரம் ஆக்கினார். இருந்தும் ரிப்பேரைப் பற்றி நல்லதாகத்தான் எழுதப் போகிறேன். கடையின் இடது பக்கம் இருக்கும் கண்ணாடி அலமாரி வேறு கதை.

செட்டு 1986-ல் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். உசிலம்பட்டி வீட்டில் அது வந்த வாரமே அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துவிட்டாள். பாட்டுக் கேட்கும்போதும் உறையைக் கழற்ற விடமாட்டாள், முன்பக்கத்தை மட்டும் பாவாடை மாதிரி தூக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். சிடி வந்தபின் பரணுக்குப் போனது. போன பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது இறக்கி பிளக்கைச் செருகினால் ரேடியோ பாடியது. கேசட் பட்டனை அழுத்தினால் மோட்டார் முனகுகிறது, சக்கரம் அசையவில்லை.

டேப்காரருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றுமுன்பே, "பெல்ட்டு தாராப் போயிருக்கும் தம்பி" என்றார். திறந்தால் அப்படியேதான். ரப்பர் பெல்ட் உருகிக் கறுப்புப் பிசினாகச் சக்கரங்களில் அப்பியிருந்தது. தொட்டுப் பார்த்த என் விரலில் ஒட்டியது இரண்டு நாள் சோப்புக்கும் போகவில்லை. முதலில் அந்தப் பிசினை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும், அப்புறம் நூலைச் சுற்றி அளவெடுத்து, இழுவைக்காகக் கொஞ்சம் சின்ன பெல்ட்டாகப் பார்த்துப் போட வேண்டும். அந்த அளவு மதுரையில் கிடைக்காமல் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்ததில்தான் இத்தனை நாள் போனதாம். போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னா மட்டும் சீக்கிரம் வருமா?" என்றார். இதற்கு நான் என்ன சொல்ல.

பில் 1,850 ரூபாய். இரண்டு பெல்ட், நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் ரோலர், வால்யூம் திருகும்போது வந்த கரகரப்புக்குச் சுத்தம், கூலி. ஸ்பீக்கர் காகிதத்தில் ஒரு கீறல் இருக்கிறது, அதையும் மாற்றச் சொன்னேன். மறுத்துவிட்டார். பசை வைத்து ஒட்டியதே இன்னும் பத்து வருடம் வரும், புதிதாகப் போட்டால் இந்தக் குரல் போய்விடும் என்றார். வருகிற காசை வேண்டாம் என்று சொன்ன மெக்கானிக்கை நான் பார்த்து வெகுகாலமாகிறது.

வீட்டுக்கு வந்து போட்டால் பாடகர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுவதுபோல இருந்தது. போனில் 4 நிமிடம் 20 வினாடி ஓடும் பாட்டு, கேசட்டில் 4 நிமிடம் 7 வினாடியில் முடிந்துவிட்டது. மறுநாள் செட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "பதிஞ்ச மெஷின் மெதுவா ஓடியிருந்தா, போடும்போது வேகமாத்தான் வரும்" என்றார். நியாயமான வாதம்தான். கேசட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும், பிலிப்ஸ் 1963-ல் கேசட்டைக் கொண்டுவந்ததிலிருந்து அதுதான் கணக்கு. ஆனால் கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுத்த ரெக்கார்டிங் சென்டர் மெஷின்கள் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு ஓடின என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கடைசியில் மேஜை டிராயரிலிருந்து ஒரு டெஸ்ட் கேசட்டை எடுத்தார். 3,000 ஹெர்ட்ஸில் ஒரே சீராக ஊதும். பேரன் போனை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தான். திரையில் 3,150, அதாவது நூற்றுக்கு ஐந்து வேகம் கூடுதல். பெரியவர் எதுவும் பேசவில்லை. மோட்டாரின் பின்னால் இருந்த ஊசித் துளைக்குள் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, 3,003-க்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நாடாவிலிருந்து பாட்டைப் படிக்கும் ஹெட்டின் ஓரத்து ஸ்க்ரூவையும் திருகி, பாட்டில் வரும் 'ச'வும் 'ஸ'வும் துல்லியமாகக் கேட்கும்வரை விடவில்லை. இதற்குக் காசு வாங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், அதுதான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது செட்டு பாடுகிறது. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ரெக்கார்டிங் சென்டரில், கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்து வாங்கிய கேசட்டுகள் எங்களிடம் பதினேழு மிச்சம். அதில் ஒரு 60 நிமிட டிடிகேயில், ஏ பக்கம் கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தின் நடுவில் 'டக்'கென்று நின்றுவிடும். நாடா தீர்ந்துவிட்டது, பதிந்தவர் என்ன செய்வார். அந்தப் பாட்டு வேறு எங்கே ஒலித்தாலும் அந்தச் சொல் வந்ததும் என் காது நின்றுவிடுகிறது. அதற்குமேல் வரும் வரிகள் யாரோ பிற்பாடு எழுதிச் சேர்த்தவை போலத்தான் இருக்கின்றன.

சரி, அலமாரிக்கு வருவோம். டேப்காரரின் தம்பி மகன் நடத்தும் தனி வியாபாரம் அது. தீப்பெட்டிப் படம், சினிமா பிலிம் துண்டு, பிக் ஃபன் பபிள்கம்மில் வந்த கிரிக்கெட் அட்டை, பழைய தபால் தலை. நானும் ஒரு காலத்தில் தீப்பெட்டிப் படத்துக்குச் செத்தவன்தான். பெட்டிகள் மெல்லிய மரச்சீவலில் செய்யப்பட்ட காலத்தில் படம் தனியாக ஒட்டியிருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, கிழியாமல் உரித்து, நோட்டுக்குள் வைத்து அழுத்துவோம். ஓரத்தில் பசைக்கறை கட்டாயம் இருக்கும். இங்கே ஒரு படத்தை எடுத்து, "சுதந்திரத்துக்கு முந்தினது, 400 ரூபாய்" என்றான். பசைக்கறை இல்லை, அதை விடுங்கள். கீழே பொடி எழுத்தில் சிவகாசி 626123 என்று அச்சாகியிருந்தது. பின்கோடு வந்ததே 1972-ல். விரலை வைத்துக் காட்டினேன். "அப்போ இருநூறு குடுங்க" என்றான்.

பிலிம் துண்டுகள் மட்டும் அசல். ஓரத்துத் துளைகள் தேய்ந்து, பச்சை எல்லாம் வெளிறிச் சிவப்பேறியிருந்தன. ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, அப்பாவின் வேட்டியில் படம் காட்டியவர்களுக்குத் தெரியும். என்னிடம் ஒரு தீப்பெட்டி நிறைய, நாற்பத்தெட்டுத் துண்டு இருந்தது. படம் வினாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது என்று பிற்பாடு தெரிந்தபோது, அத்தனை சண்டை போட்டுச் சேர்த்தது 2 வினாடிப் படம் என்று கணக்குப் போட்டுச் சிரித்தேன். இங்கே பத்துத் துண்டு 200 ரூபாய். வாங்கிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

செட்டு கொண்டுபோகிறவர்கள் கூடவே நன்றாகத் தெரிந்த ஒரு கேசட்டும் எடுத்துப் போங்கள், கடையிலேயே போட்டு நேரம் பார்த்து வாங்குங்கள். காலையில் போனால்தான் பெரியவர் இருப்பார். மாலையில் தம்பி மகன் மட்டும் இருப்பான், அவன் செட்டை வாங்கி வைத்துக்கொண்டு உங்களை அலமாரிப் பக்கம் திருப்பிவிடுவான்.