கழற்றிய பலகையை வாசல் தாண்ட விடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டு மாடித் தளம் முழுக்கப் பர்மா தேக்குப் பலகை. பாட்டையா பர்மாவின் மோல்மீனில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் கப்பலேறி வந்த மரம். அதன்மேல் பிற்காலத்தில் யாரோ சிவப்புப் பெயிண்டை அப்பியிருந்தார்கள். அதைச் சுரண்டி, இழைத்து, பாலிஷ் போட்டுத் தருவதாக ஒருவர் வந்தார். பங்காளிகள் நால்வரும் பணம் போட்டோம். கூட நின்று பார்க்கத்தான் ஊரில் ஆளில்லை. நான் சென்னையில்.

மூன்றாம் நாள் அழைத்தார். "ஆச்சி, 11 பலகை செல்லரித்துக் கிடக்கிறது. மாற்றாவிட்டால் கால் உள்ளே போய்விடும்." படமும் வந்தது, ஒரு பலகையின் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. சரி என்றேன். கழிவு மரத்தைத் தாமே அப்புறப்படுத்துவதாகவும் வண்டிக்கூலி வேண்டாமென்றும் சொன்னார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்!

பொங்கலுக்குப் போனபோது தளம் கண்ணாடிபோல் மின்னியது. எல்லாப் பலகையும் ஒரே நிறம். மதியம் கீழறையில் பாய் விரித்துப் படுத்து அண்ணாந்து பார்த்தேன். அங்கே கூரை என்பதே மாடிப் பலகைகளின் அடிப்பக்கம்தான். பழையவை விளக்குப் புகை ஏறிக் கருத்திருக்க, நடுநடுவே 11 பலகைகள் சோற்றுப் பருக்கைபோல் வெளுத்துத் தெரிந்தன. மேலே சாயம் ஏற்றியவர் அடியில் ஏற்ற மறந்துவிட்டார்.

தெரிந்த ஆசாரி வந்து வெளுத்தவற்றில் ஒன்றைக் கழற்றினார். நகத்தால் கீறினாலே தடம் விழுந்தது. பழைய பலகையின் படத்தையும் காட்டினேன். "இங்கே உதிர்ந்திருப்பது வெளிறு, ஆச்சி, பட்டையை ஒட்டிய மென்மரம். செல் இதைத்தான் தின்னும், வைரம் பாய்ந்த உள்மரத்தில் வாய் வைக்காது. ஓரத்தைச் சீவிவிட்டு அதே பலகையைப் போட்டிருக்கலாம்."

ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 9 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம். 11 பலகைக்கு எட்டரைக் கன அடி வருகிறது. பழைய பர்மா தேக்கின் விலையை மரக்கடையில் விசாரித்த பிறகுதான், வண்டிக்கூலி ஏன் வேண்டாமென்றார் என்பது விளங்கியது.

பழைய மரத்தில் வேலை வைப்பவர்கள் முதலில் ஒவ்வொரு பலகைக்கும் அடியில் எண் எழுதிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய மரம், உளுத்ததேயானாலும், வீட்டுக்காரருக்கே என்று கூலி பேசும்போதே எழுதி வாங்குங்கள். மாற்று மரம் எதுவென்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். எங்கள் தாளில் "பலகை மாற்றம்" என்று மட்டும் இருந்தது.

பாலிஷ் போட்டவரைப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. "கழிவுதானே ஆச்சி, அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டோம்" என்றார். எந்த வீட்டு அடுப்புக்கு என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.